‘ஏறு’ என்றது கருவி, ‘இறங்கு’ என்றார் அலுவலர்

உரைநடைப் பகுதி

நுழையுமுன்

மாணவர்களே, சென்ற பாடத்தில் ஏவல் வினைமுற்றைப் பற்றிப் படித்தோம். ‘வா’, ‘போ’, ‘நில்’ என முன்னிற்பவரை நோக்கி ஆணையிடும் சொற்கள் அவை. வகுப்பறையில் அவற்றை இலக்கணக் குறிப்பாக எழுதி மதிப்பெண் பெறுகிறோம். ஆனால் உலகில் ஓரிடத்தில் இத்தகைய சொற்கள் ஒரு கருவியின் குரலாக ஒலிக்கின்றன. கேட்டவர் ஐந்து வினாடிக்குள் அவற்றின்படி செயல்படவேண்டும். அவ்விடம் விமானியின் அறை. பெற்றோரின் பணிமாறுதலையொட்டி ஊர்விட்டு ஊர் செல்லும் உங்களுக்கு விமான நிலையம் புதிதன்று. எனினும் மூடிய கதவுக்கு அப்பால் ஒலிக்கும் அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அக்குரல் எவ்வாறு பிறந்தது, அதைக் கேட்ட விமானிகள் என்ன செய்தனர், செய்யத் தவறியபோது என்ன நேர்ந்தது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

சர்க்கி தாத்ரி

1996 நவம்பர் 12, மாலை நேரம். தில்லியிலிருந்து சவூதி அரேபிய விமான நிறுவனத்தின் போயிங் 747 ஒன்று புறப்பட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. கசக்ஸ்தான் நாட்டின் இல்யூஷின் 76 வகை விமானம் ஒன்று தில்லியில் இறங்குவதற்காக எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. அந்நாளில் தில்லிக்கு வருபவையும் தில்லியிலிருந்து செல்பவையும் ஒரே வான்வழியைப் பயன்படுத்தின. ஏறும் விமானம் 14,000 அடியில் நிற்கவேண்டும். இறங்கும் விமானம் 15,000 அடியில் நிற்கவேண்டும். கட்டுப்பாட்டு அலுவலரின் ஆணை தெளிவாகவே இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, 1,000 அடி இடைவெளியில் இரண்டும் கடந்து சென்றிருக்கவேண்டும்.

இறங்கிய விமானம் தனக்கு விதித்த உயரத்தில் நிற்கவில்லை. அரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரி என்னும் ஊரருகே, வயல்வெளிகளுக்கு மேலே இரண்டும் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வானில் விமானங்கள் ஒன்றோடொன்று மோதிய விபத்துகளுள் மிகுதியான உயிரிழப்பு நேர்ந்தது இதில்தான்.

நீதிபதி ஆர். சி. லகோத்தி தலைமையில் விசாரணை நடைபெற்றது. கசக்ஸ்தான் விமானத்தில் தரையோடு ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பு வானொலி அலுவலர் ஒருவருடையது. விமானத்தைச் செலுத்தியவர் வேறொருவர். ஆணையைக் கேட்பவர் ஒருவர், அதை நிறைவேற்றுபவர் மற்றொருவர் என்னும் ஏற்பாடு மொழி பயிலும் நமக்குச் சிந்திக்கத் தக்கது. ஆணை வந்த மொழி ஒன்று, அறைக்குள் வழங்கிய மொழி மற்றொன்று.

அவ்விபத்துக்குப் பின்னர் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவியின்றி விமானங்கள் இந்திய வான்வெளியில் பறத்தல் கூடாது என்னும் விதியும் வந்தது. உலகெங்கும் விமானிகள் அக்கருவியை ‘டீகாஸ்’ என்று சுருக்கமாக வழங்குகின்றனர்.

கருவியின் கணக்கு

கண் இருக்கக் கருவி எதற்கு என்று வினவலாம். ஒன்றையொன்று மோதவரும் இரு விமானங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்த்தால், அது கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாத புள்ளியாகத் தோன்றும். அசைவதே நம் கண்ணை ஈர்க்கும். எது நம்மீது மோதப்போகிறதோ அதுவே அசையாமல் நிற்கிறது. அப்புள்ளி பெரிதாகத் தெரியத் தொடங்கும்போது விலகுவதற்கு நேரம் மிஞ்சியிராது. இரவிலும் முகிலினுள்ளும் அந்தப் புள்ளிகூடத் தென்படாது.

1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் மாண்டனர். மோதலைத் தவிர்க்கும் கருவி ஒன்று வேண்டும் என்னும் முயற்சி அதன்பின் வேகம் பெற்றது. அக்காலத்தில் பிறந்த ஓர் எண்ணமே இன்றைய கருவிக்கு அடிப்படை. இரு விமானங்களுக்கிடையே எத்தனைக் கிலோமீட்டர் என்று கேட்பதைவிட, எத்தனை வினாடி என்று கேட்பதே பொருத்தம் என்பது அவ்வெண்ணம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரு விமானங்கள் ஒவ்வொரு வினாடியும் சுமார் 440 மீட்டர் நெருங்குகின்றன. அவற்றுக்கு 15 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 35 வினாடிதான். ஒரே திசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் விமானங்களுக்கோ அதே 15 கிலோமீட்டர் பெருந்தொலைவு.

விமானம் ஒவ்வொன்றிலும் டிரான்ஸ்பாண்டர் என்னும் மறுமொழிக் கருவி உண்டு. டீகாஸ் சுற்றுப்புறத்தை நோக்கி, ‘அங்கே யார்?’ என்று வினவுவதுபோல வானொலி அலையை அனுப்புகிறது. அருகிலுள்ள விமானங்களின் மறுமொழிக் கருவிகள் தத்தம் உயரத்தைச் சொல்லி விடையளிக்கின்றன. விடை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தொலைவு கணிக்கப்படுகிறது. ஏறத்தாழ ஒவ்வொரு வினாடியும் இவ்வாறு வினாவும் விடையும் நிகழ்கின்றன. தரையிலுள்ள ரேடார் திரை தன் படத்தைப் புதுப்பிக்க அதைவிடப் பல வினாடிகள் மிகுதியாகும். இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கருவி ஓரளவே அறியும். தொலைவையும் உயரத்தையும் நன்றாக அறியும். ஆகவே அது ‘இடப்பக்கம் திரும்பு’, ‘வலப்பக்கம் திரும்பு’ என்று கூறுவதில்லை. அதன் ஆணைகள் அனைத்தும் மேலே அல்லது கீழே என்பவையே.

குறுகலான நடையில் எதிரெதிரே வரும் இருவர், ஒருவருக்கொருவர் வழிவிட எண்ணி இருவருமே ஒரே பக்கம் ஒதுங்குவதையும், உடனே இருவருமே மறுபக்கம் ஒதுங்குவதையும், பின் நாணிச் சிரிப்பதையும் பார்த்திருப்பீர்கள். நம் பள்ளி மாடிப்படியில் இது நாள்தோறும் நடக்கிறது. இருவரிடமும் நல்லெண்ணம் இருந்தது. இல்லாதது இருவருக்கும் இடையே முன்னுடன்பாடு. டீகாஸ் தீர்த்துவைப்பது இந்தச் சிக்கலைத்தான். மோதல் நெருங்கும்போது இரு விமானங்களின் கருவிகளும் தமக்குள் செய்தி பரிமாறி, ‘நான் ஏறுகிறேன், நீ இறங்கு’ என்று முடிவுசெய்கின்றன. இரண்டும் ஒரே வேளையில் ஒரே முடிவை எடுத்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாள எண்ணைக்கொண்டு எது விட்டுக்கொடுப்பது என்பதும் முன்பே வரையறுக்கப்பட்டுள்ளது. விமானிகள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பேச நேரமும் இல்லை.

விமானி செய்யவேண்டியது

எச்சரிக்கை இரு படிகளாக வருகிறது. முதலாவது, ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்னும் குரல். அருகே ஒரு விமானம் உள்ளது என்பது பொருள். மிக உயரத்தில் பறக்கையில் இது மோதலுக்கு ஏறத்தாழ 48 வினாடி முன்னர் ஒலிக்கும். இக்குரலைக் கேட்டவுடன் விமானி விமானத்தைத் திருப்புதல் கூடாது. திரையில் தெரியும் புள்ளியைப் பார்த்துத் தாமாக ஒரு திசையைத் தேர்ந்தெடுத்தலும் தவறு. கண்ணால் தேடலாம், கைகளைக் கட்டுப்பாட்டுக் கோலருகே கொண்டுவரலாம், அடுத்த ஆணைக்கு ஆயத்தமாகலாம். இதைச் செய்வது எளிதன்று. ஆபத்து என்று கேட்டபின் ஒன்றும் செய்யாமல் ஆயத்தமாக மட்டும் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும்.

இரண்டாவது படி ஆணை. ‘கிளைம்ப், கிளைம்ப்’ அல்லது ‘டிசெண்ட், டிசெண்ட்’ எனக் குரல் ஒலிக்கும். ‘ஏறு, ஏறு’, ‘இறங்கு, இறங்கு’ என்பன அவற்றின் பொருள். அதே வேளையில் விமானியின் கண்முன் உள்ள செங்குத்து வேகமானியில் செந்நிறப் பகுதியும் பச்சைப் பகுதியும் தோன்றும். முள் செந்நிறத்தில் இருத்தல் கூடாது; பச்சையில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். விமானி ஐந்து வினாடிக்குள் செயல்படுவார் என்று கொண்டே கருவி தன் கணக்கைப் போட்டுள்ளது. ஆணை பின்னர் வலுப்பெற்றாலோ மாறினாலோ அந்த அவகாசம் அதில் பாதியாகக் குறையும்.

பெரும்பாலான விமானங்களில் விமானி முதலில் தானியங்கி ஓட்டியைத் துண்டித்துத் தம் கையால் செலுத்துகிறார். பொதுவாகக் கருவி கேட்கும் வேகம் நிமிடத்திற்கு 1,500 அடி. 20 வினாடியில் 500 அடி ஏறும் வேகம் இது. மூக்கைச் சிறிதளவு உயர்த்தினாலே போதும். பயணிகளுள் பலர் அதை உணர்வதுகூட இல்லை. கேட்டதற்கு மேலாகச் செய்வதும் பிழைதான். வேகமாக இழுத்தால் இருக்கைப் பட்டி அணியாதவர்கள் தூக்கியெறியப்படுவர். மேலே உள்ள மூன்றாவது விமானத்தின் வழியிலும் புக நேரிடும்.

தரைக்கு அறிவிப்பது அதன்பின்னர்தான். ‘டீகாஸ் ஆர்ஏ’ என்று விமானி சொன்னதும், கட்டுப்பாட்டு அலுவலர் அவ்விமானத்திற்கு உயரம் பற்றிய ஆணை எதுவும் தருதல் கூடாது. ‘மோதல் நீங்கியது’ என்னும் பொருளில் கருவி சொன்னபின், விமானம் பழைய உயரத்திற்குத் திரும்பும். பொறுப்பு மீண்டும் தரைக்குச் செல்லும்.

இதற்கும் சில விலக்குகள் உண்டு. விமானம் தூக்குவிசை இழந்து விழப்போகிறது என்னும் எச்சரிக்கையோ, தரைமீது மோதப்போகிறது என்னும் எச்சரிக்கையோ ஒலித்தால், விமானி அவற்றையே முதலில் கேட்கவேண்டும். தரைக்கு மிக அருகே டீகாஸ் ‘இறங்கு’ என்று சொல்லாதபடி அமைக்கப்பட்டுள்ளது.

யாய்சு நகரின் மேல்

இவ்வளவு தெளிவான ஏற்பாட்டில் குழப்பம் எங்கிருந்து வந்தது? தரையில் ஓர் அலுவலர் இருக்கிறார். விமானிகள் பயிற்சிக் காலம் முதல் அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பழகியவர்கள். அவர் ஒன்றும் கருவி மற்றொன்றும் சொன்னால் எதைக் கேட்பது?

2001 சனவரி 31 அன்று ஜப்பானில் இவ்வினா எழுந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 907 எண் விமானம் தோக்கியோவின் ஹனேதாவிலிருந்து ஒக்கினாவாத் தீவுக்குச் சென்றுகொண்டிருந்தது. அதே நிறுவனத்தின் 958 எண் விமானம் தென்கொரியாவின் பூசானிலிருந்து நரித்தாவுக்கு வந்துகொண்டிருந்தது. பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டு அலுவலர் ஒருவர் 958-ஐ இறங்கச் சொல்ல எண்ணினார். வாய் தவறி 907-ஐ இறங்கச் சொன்னார். நிலைமையைத் திருத்த முனைந்த மேலலுவலர் ஏறும்படி அழைத்ததோ 957 என்னும் எண்ணை. அப்படியொரு விமானம் அங்கே இல்லவே இல்லை.

907-இன் கருவி ‘ஏறு’ என்றது. விமானி தரையின் சொல்லைக் கேட்டு இறங்கினார். 958-இன் கருவி ‘இறங்கு’ என்றது. அதன் விமானி கருவியின் சொல்லைக் கேட்டு இறங்கினார். இரண்டும் ஒரே உயரத்தை நோக்கிச் சரிந்தன. யாய்சு என்னும் நகரின் அருகே, கண்ணால் கண்டபின் 907 திடீரெனத் தாழ்ந்தது. ஏறத்தாழ 135 மீட்டர் இடைவெளியில் இரண்டும் கடந்துசென்றன. 907-இல் சுமார் 100 பேர் காயமுற்றனர். இரு விமானங்களிலும் 677 பேர் இருந்தனர், ஒருவரும் இறக்கவில்லை.

இந்நிகழ்ச்சியில் இரு விமானிகளும் தமக்குக் கிடைத்த ஓர் ஆணைக்குக் கீழ்ப்படிந்தவர்களே என்பதைக் கவனியுங்கள். கீழ்ப்படியாதவர் எவரும் இல்லை. தரையும் கருவியும் முரண்பட்டால் எதைப் பின்பற்றுவது என்பதை ஐயமற எழுதிவைக்குமாறு ஜப்பான் உலக அமைப்பைக் கேட்டுக்கொண்டது. அது எழுதப்படுவதற்கு முன்னே, 17 மாதங்களில், ஐரோப்பாவில் அதே நிலை மீண்டும் வந்தது.

ஊபர்லிங்கன்: ஐம்பது வினாடி

2002 சூலை 1, நள்ளிரவு நெருங்கும் நேரம். செருமனியின் தெற்கெல்லையில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள ஊபர்லிங்கன் நகரின் வான்வெளியை, அண்டை நாடான சுவிட்சர்லாந்தின் சூரிக் நிலையம் கவனித்துவந்தது. ரஷ்யாவின் டுப்பொலேவ் 154 வகை விமானம் ஒன்று மாஸ்கோவிலிருந்து பார்சலோனாவுக்கு மேற்கு நோக்கிச் சென்றது. அதில் இருந்த 69 பேரில் பெரும்பாலோர் ஊஃபா நகரத்தைச் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள், உங்கள் வயதினர், விடுமுறைக்காக ஸ்பெயினுக்குப் புறப்பட்டவர்கள். இத்தாலியின் பெர்கமோவிலிருந்து பிரஸ்ஸல்சுக்கு வடக்கு நோக்கிச் சென்றது ஒரு போயிங் 757 சரக்கு விமானம். அதில் விமானிகள் இருவர் மட்டுமே. இரண்டும் 36,000 அடி உயரத்தில் இருந்தன.

சூரிக்கில் அன்றிரவு ஓர் அலுவலர் தனியாக இரண்டு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். உடன் பணியில் இருந்தவர் ஓய்வுக்குச் சென்றிருந்தார். ரேடார் அமைப்பில் பராமரிப்புப் பணி நடந்ததால், நெருங்கும் விமானங்களைத் திரையில் சுட்டிக்காட்டும் எச்சரிக்கை செயல்படவில்லை. முதன்மைத் தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தது. காலந்தாழ்ந்து வந்த வேறொரு விமானத்தை அருகிலுள்ள ஃப்ரீடிரிக்ஸ்ஹாஃபனில் இறக்குவதற்காக அந்நிலையத்தோடு பேச முயன்று முயன்று அவர் கவனம் அங்கே சென்றது. செருமனியின் கார்ல்ஸ்ரூ நிலையத்தில் இருந்தவர்கள் தம் திரையில் ஆபத்தைக் கண்டு சூரிக்கைத் தொலைபேசியில் அழைத்தனர். இணைப்புக் கிடைக்கவில்லை.

உள்ளூர் நேரம் 11 மணி 34 நிமிடம் 42 வினாடி. இரு விமானங்களிலும் ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்னும் முதல் எச்சரிக்கை ஒலித்தது.

49-ஆம் வினாடியில் ஆபத்தை உணர்ந்த சூரிக் அலுவலர், ரஷ்ய விமானத்தை 35,000 அடிக்கு விரைந்து இறங்கச் சொன்னார்.

56-ஆம் வினாடியில் இரு கருவிகளும் ஒரே நேரத்தில் ஆணையிட்டன. சரக்கு விமானத்திற்கு ‘இறங்கு’. ரஷ்ய விமானத்திற்கு ‘ஏறு’. சரக்கு விமானி கருவியின்படி இறங்கத் தொடங்கினார். ரஷ்ய விமானிகளோ அலுவலரின் சொற்படி அப்போதுதான் மூக்கைத் தாழ்த்தத் தொடங்கியிருந்தனர். துணை விமானி, கருவி ஏறச் சொல்வதை எடுத்துக்கூறினார். தரை நம்மை இறங்கச் சொல்கிறது என்று விடை வந்தது.

ஏழு வினாடி கடந்தது. தம் ஆணைக்கு மறுமொழி வராததால் அலுவலர் மீண்டும் ‘விரைந்து இறங்குக’ என்றார். அக்கணத்தில் அறைக்குள் எஞ்சியிருந்த ஐயமும் நீங்கியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு குரல் இரண்டாம் முறை சொல்லும்போது அதற்கு வலு கூடிவிடுகிறது. மற்றொரு விமானம் வலப்பக்கத்திலிருந்து வருவதாகவும் அவர் சொன்னார். அது வந்தது இடப்பக்கத்திலிருந்து.

11 மணி 35 நிமிடம் 10-ஆம் வினாடியில் சரக்கு விமானத்தின் கருவி இறங்கும் வேகத்தைக் கூட்டச் சொன்னது. 19-ஆம் வினாடியில் அதன் விமானி டீகாஸ் ஆணைப்படி தாம் இறங்குவதைத் தரைக்கு அறிவித்தார். வேறு பணியில் இருந்த அலுவலரின் கவனத்தில் அச்செய்தி பதியவில்லை. 24-ஆம் வினாடியில் ரஷ்ய விமானத்தின் கருவி ஏறும் வேகத்தைக் கூட்டச் சொன்னது. 32-ஆம் வினாடியில், 34,890 அடி உயரத்தில், இரண்டும் மோதின. 71 பேரும் மாண்டனர்.

கருவியின் ஆணைகள் இரண்டும் சரியானவை. ரஷ்ய விமானம் ஏறியிருந்தால் இரண்டும் விலகியிருக்கும். இருவரும் தரையை மட்டும் கேட்டிருந்தாலும் தப்பியிருப்பர். ஏனெனில் சரக்கு விமானத்திற்குத் தரை ஆணை எதுவும் தரவில்லை, அது 36,000 அடியிலேயே சென்றிருக்கும். ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றொன்றையும் கேட்டதே கேடாயிற்று. இரு கருவிகளும் செய்துகொண்ட உடன்பாட்டில் ஒரு பாதி முறிந்தவுடன், உடன்பாட்டைக் காத்த மற்றொருவரின் சரியான செயலே அவரை மோதலுக்குள் கொண்டுசென்றது.

பல ஆண்டு அனுபவம் மிக்க ரஷ்ய விமானிகள் ஏன் கருவியைக் கேட்கவில்லை? செருமானிய விசாரணைக் குழுவின் அறிக்கை இதை ஆராய்ந்தது. அவர்களுக்கு அக்கருவியோடு பழக்கம் குறைவு. அவர்கள் கையில் இருந்த நூல்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. தரைக் கட்டுப்பாடே முதன்மையானது, கருவி அதற்குத் துணை என்று படிக்கத்தக்க தொடர்கள் அவற்றில் இருந்தன. துணை என்றால் இரண்டாமிடம் என்றே நாமும் பொருள்கொள்வோம். எழுதியவர் கருதியது வேறாக இருக்கலாம். ஆனால் 36,000 அடி உயரத்தில் நள்ளிரவில் வாசகனிடம் விளக்கம் சொல்ல எழுதியவர் உடனிருப்பதில்லை.

அலுவலர்மீது மட்டும் பழி சுமத்துவாரும் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. அவர் திரையில் கருவியின் ஆணை தோன்றவில்லை. புதுப்பிக்கச் சில வினாடிகள் எடுக்கும் படத்தைப் பார்த்து அவர் சொன்னதும், வினாடிக்கு வினாடி கணக்கிட்டுக் கருவி சொன்னதும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே அறைக்குள் ஒலித்தன.

விதியும் சொல்லும்

2003 நவம்பரில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் விதியை ஐயத்திற்கிடமின்றித் திருத்தியது. தரையின் ஆணையோடு முரண்பட்டாலும் விமானி கருவியின் ஆணையையே பின்பற்றவேண்டும். அதற்கு நேர்மாறாகச் செலுத்துதல் எந்நிலையிலும் கூடாது. விமானிகள் போலிவிமானக் கருவிகளில் இதை மீண்டும் மீண்டும் பயில்கின்றனர். யோசித்து முடிவெடுக்கவேண்டிய நிலையில் அவர்களை விடாமல், கேட்டவுடன் கை தானாக இயங்கும்படி பழக்குவதே நோக்கம்.

கருவிக்குள்ளும் மாற்றங்கள் வந்தன. ஒரு விமானம் ஆணைக்கு எதிராகச் சென்றால் அதை உணர்ந்து, மற்ற விமானத்தின் ஆணையைத் தலைகீழாக மாற்றும் திறன் 7.1 என்னும் பதிப்பில் சிறப்பாக்கப்பட்டது.

அதே பதிப்பில் வந்த மற்றொரு மாற்றமே நம் பாடத்திற்கு மிக நெருக்கமானது. பழைய கருவியில் ஓர் ஆணை இருந்தது: ‘செங்குத்து வேகத்தைச் சரிசெய், சரிசெய்’ என்பது அதன் பொருள். ஏறும் அல்லது இறங்கும் வேகத்தைக் குறைக்கவேண்டிய வேளையில் மட்டுமே அது ஒலிக்கும். ஆனால் ‘சரிசெய்’ என்னும் சொல்லில் குறை என்னும் பொருள் எங்கே இருக்கிறது? சில விமானிகள் அதைக் கேட்டு வேகத்தைக் கூட்டிவிட்டனர். விலகவேண்டிய விமானத்தை நோக்கியே சென்றனர். பயிற்சி பெற்றவர்கள், தம் தொழில்மொழியில், ஒரு சிறிய ஆணையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டனர். அவர்களைக் கடிந்துகொள்வதற்கு மாறாகச் சொல்லையே மாற்றினார்கள். இன்று அவ்விடத்தில் ‘லெவல் ஆஃப், லெவல் ஆஃப்’ என்று ஒலிக்கிறது. ஏறாதே, இறங்காதே, மட்டமாகச் செல் என்பதே பொருள். வேறு பொருள்கொள்ள இடமில்லை.

ஏர்பஸ் நிறுவனத்தின் புதிய விமானங்கள் சிலவற்றில் தானியங்கி ஓட்டியே டீகாஸ் ஆணையை நிறைவேற்றிவிடுகிறது. விமானி அதைக் கண்காணித்தால் போதும். ஏ380 வகை விமானத்தில் இது முதலில் வந்தது. எனினும் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. மறுமொழி தராத விமானத்தை அது காணாது. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலின் அமேசான் காட்டின் மேல் ஒரு சிறிய தனியார் விமானத்தின் மறுமொழிக் கருவி செயல்படாமல் இருந்தது. எதிரே வந்த கோல் நிறுவனத்தின் பயணிகள் விமானத்தில் டீகாஸ் இருந்தும் அது வாய்திறக்கவில்லை. வினாவுக்கு விடை வராததால் அங்கே எவரும் இல்லை என்றே அது கொண்டது. மோதலில் பயணிகள் விமானம் காட்டில் வீழ்ந்தது. அதிலிருந்த 154 பேரும் மாண்டனர். சிறிய விமானம் தப்பி இறங்கியது.

சொற்பொருள்

ஆயத்தம் – முன்னேற்பாடு
அவகாசம் – இடைப்பட்ட நேரம்
செங்குத்து – மேல்கீழான நிலை
செங்குத்து வேகமானி – ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி
முகில் – மேகம்
நடை – (இங்கு) இரு சுவர்களுக்கிடையே நடந்துசெல்லும் வழி
போலிவிமானக் கருவி – தரையிலிருந்தே விமானம் ஓட்டப் பழகும் பயிற்சி அமைப்பு
முனைதல் – முயலுதல்

பயிற்சி

1. ‘எத்தனைக் கிலோமீட்டர் என்று கேட்பதைவிட எத்தனை வினாடி என்று கேட்பதே பொருத்தம்.’ பாடத்திலுள்ள கணக்கைக்கொண்டு விளக்குக.

2. டீகாஸ் ஏன் ‘திரும்பு’ என்று ஆணையிடுவதில்லை?

3. முதல் எச்சரிக்கை கேட்டவுடன் விமானி செய்யத்தக்கவை எவை, தகாதவை எவை?

4. யாய்சு நிகழ்ச்சியிலும் ஊபர்லிங்கன் விபத்திலும் ஒத்திருப்பது யாது? வேறுபடுவது யாது? உம் சொந்த நடையில் ஒரு பத்தி எழுதுக.

5. ‘துணை’ என்னும் சொல்லுக்கு ‘உதவி’, ‘இரண்டாமிடம்’ என இரு பொருளும் வருமாறு இரு தொடர்கள் அமைக்க.

6. பின்வரும் ஆணைகளைக் கேட்பவர் இருவகையாகப் பொருள்கொள்ள இயலும். அவ்விரு பொருள்களையும் எழுதி, ஒரே பொருள் தருமாறு ஆணையைத் திருத்துக.
அ) விசிறியைச் சரியாக வை.
ஆ) அடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்.
இ) அந்தப் பக்கம் நகர்ந்து நில்.

7. வகுப்பில் இருவர் எதிரெதிரே கண்களைக் கட்டிக்கொண்டு நடக்க, மூன்றாமவர் ஒற்றைச் சொல் ஏவல்களால் மட்டும் அவர்களை மோதாமல் கடக்கச் செய்க. பின்னர், ஒருவருக்கு மூன்றாமவரும் மற்றொருவருக்கு நான்காமவரும் தமக்குள் கலந்து பேசாமல் ஆணையிட்டுப் பார்க்க. இரு முறையும் நடந்ததை எட்டு வரிகளில் எழுதுக.